ஐக்யூ எவ்ளோ, புத்தி எவ்ளோ, பக்குவம் எவ்ளோ: அடிக்கடி கேக்கற கேள்விகள்

பகல்ல சென்னைல ஒரு ஸ்கூல்ல கவுன்சிலர் வேலை, சாயங்காலம் பி.எஸ்சி சைக்காலஜி முதல் வருஷப் பசங்களுக்கு டியூஷன். ரெண்டு இடத்துலயும் சுத்திச் சுத்தி அதே கேள்விங்கதான் வருது, அப்பா அம்மா கேக்கறதும் ஸ்டூடன்ட்ஸ் கேக்கறதும் பாதி ஒண்ணுதான். அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல போட்டுட்டேன். புக்குல இருக்கற வரிசை கிடையாது, எது அதிகமா கேக்கறாங்களோ அது முதல்ல.

மேடம், பையனுக்கு ஐக்யூ 112 வந்திருக்கு, இது நல்லதா இல்லையா?

நல்லாவே இருக்கு, டென்ஷன் ஆகாதீங்க. ஆனா இதை மார்க் மாதிரி பாக்காதீங்க, எதுக்கு 100க்கு மேல போச்சுன்னு குழம்பறவங்க நிறைய பேர் இருக்காங்க. 100ங்கறது ஃபுல் மார்க் இல்ல, அதான் நடு. ஒரே வயசுப் பசங்க நிறைய பேருக்கு டெஸ்ட் வெச்சுப் பாத்து, அவங்களோட சராசரிய 100ன்னு செட் பண்ணிடறாங்க, அதுலேர்ந்து மேலயும் கீழயும் 15 பாயின்ட் ஒரு படி. 85லேர்ந்து 115க்குள்ள சுமார் 68 சதவீதம் பேர் வந்துடுவாங்க, 130ஐத் தாண்டறவங்க 100 பேருக்கு ரெண்டு பேர்தான். 112ன்னா அதே வயசுல 100 பேரை வரிசையா நிக்க வெச்சா கிட்டத்தட்ட 79 பேர் உங்க பையனுக்குப் பின்னாடி நிப்பாங்க, அவ்ளோதான் அதுக்கு அர்த்தம்.

இன்னொரு விஷயம், எந்த டெஸ்ட்டுலயும் கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். அன்னைக்கு சரியா தூங்கலை, டெஸ்ட் எடுக்கறவங்களப் பாத்து பயந்துட்டான், இப்படி எதுவா இருந்தாலும் ஒரு நாலஞ்சு பாயின்ட் ஏறும் இறங்கும். அதனால நல்ல ரிப்போர்ட்ல ஒத்தை நம்பர் மட்டும் இருக்காது, இதுலேர்ந்து இதுவரைக்கும்னு ஒரு ரேஞ்சும் போட்டிருப்பாங்க. உங்க பையன் 112, அப்பார்ட்மென்ட்ல பக்கத்து வீட்டுப் பொண்ணு 116, அதனால அவ புத்திசாலின்னு வாட்ஸ்அப் குரூப்புல ஓடற பேச்செல்லாம் சும்மா.

முன்னாடி மன வயசுன்னு ஒண்ணு சொல்வாங்களே, அது என்னாச்சு?

அது பழைய கணக்கு. 1912ல ஸ்டெர்ன்னு ஒரு ஜெர்மன் சைக்காலஜிஸ்ட் சொன்னது, மன வயசை நிஜ வயசால வகுக்கணும்னு, அதை 100ஆல பெருக்கறது பின்னாடி அமெரிக்கால சேந்தது. 8 வயசுக் குழந்தை 10 வயசுக் குழந்தை போடற கணக்கெல்லாம் போட்டா 125. குழந்தைங்களுக்கு ஓகே, பெரியவங்களுக்கு வந்தா சொதப்பிடும், 40 வயசுக்காரருக்கு 50 வயசு மூளைன்னு சொன்னா அது பாராட்டா திட்டான்னே தெரியாது. அதனால நியூயார்க்ல பெல்வியூ ஆஸ்பத்திரில இருந்த வெக்ஸ்லர் 1939ல அவர் போட்ட டெஸ்ட்ல அந்த வகுத்தலையே தூக்கிட்டு, உங்க வயசுக்காரங்களோட ஒப்பிட்டா நீங்க எங்க நிக்கறீங்கன்னு மாத்திட்டாரு. இப்ப எல்லாரும் அந்த வழிதான்.

இந்த டெஸ்ட்டை எதுக்குத்தான் கண்டுபிடிச்சாங்க? புத்திசாலிங்களைப் பொறுக்கி எடுக்கவா?

நேர் எதிர். பாரிஸ்ல எல்லாக் குழந்தைகளும் ஸ்கூலுக்கு வரணும்னு சட்டம் வந்தப்புறம், சில பசங்களால கூட ஓட முடியல, அவங்களுக்கு ஸ்பெஷலா சொல்லிக் கொடுக்கணும், யாருக்குத் தேவைன்னு எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு ஒரு பிரச்சனை. வாத்தியாரைக் கேட்டா சேட்டை பண்றவனையெல்லாம் மக்குன்னு எழுதிக் கொடுத்துடுவாரு (இது பாரிஸ்ல மட்டுமான்னு கேக்காதீங்க). அதுக்காக பினேங்கற சைக்காலஜிஸ்ட்டும் அவரோட சேந்து வேலை பாத்த சைமனும் 1905ல 30 கேள்வி போட்டாங்க. பினே சொன்னது, இது குழந்தையோட இன்னைய நிலைமைதான், தலைல எழுதினது இல்ல, பயிற்சி கொடுத்தா மாறும்னு.

அந்த டெஸ்ட் அமெரிக்கா போனதும் கதை மாறிடுச்சு. ஸ்டான்ஃபோர்டுல டெர்மன் 1916ல அதைத் திருத்தி வெளியிட்டாரு, அவரும் அவரைச் சேந்தவங்களும் புத்திங்கறது பிறவில வர்றது, மாறாதுன்னு நம்பினவங்க, புத்தி கம்மியானவங்க குழந்தை பெத்துக்கக் கூடாதுங்கற அளவுக்குப் போன ஆளுங்க. உதவி செய்யறதுக்காக வந்த ஒரு கருவி ஆளை ஒதுக்கறதுக்குப் போனது அப்படித்தான். டெர்மன் 1921ல ஆரம்பிச்சு கலிஃபோர்னியால 1500 பசங்களுக்கு மேல, ஐக்யூ ரொம்ப அதிகமா இருக்கறவங்களாப் பாத்துத் தேர்ந்தெடுத்து வாழ்க்கை முழுக்க ஃபாலோ பண்ணாரு. பெரும்பாலானவங்க நல்லாத்தான் செட்டில் ஆனாங்க, ஆனா ஒருத்தரும் நோபல் வாங்கல. அந்த லிஸ்ட்ல சேர டெஸ்ட் எடுத்து ஸ்கோர் பத்தலன்னு வெளில போன ரெண்டு பையன்கள் பின்னாடி ஃபிசிக்ஸ்ல நோபல் வாங்கினாங்க, ஷாக்லி 1956ல, அல்வாரெஸ் 1968ல.

நம்ம ஊர்ல டாக்டருங்க எழுதற ரிப்போர்ட்ல பினே காமத்னு பாத்திருப்பீங்க, அது பினே டெஸ்ட்டையே காமத்னு ஒருத்தர் நம்ம குழந்தைங்களுக்கு ஏத்த மாதிரி மாத்தினது. இன்னொண்ணு மாலின் டெஸ்ட், நாக்பூர்ல வேலை செஞ்ச மாலின் வெக்ஸ்லர் டெஸ்ட்டை இந்தியக் குழந்தைங்களுக்காக மாத்தினது. ரெண்டும் ரொம்பப் பழசு, இருந்தும் இன்னும் ஓடுது.

ஸ்கூல்லயே கைரேகை வெச்சு புத்தி டெஸ்ட் எடுக்கறாங்க, பல ஆயிரம் கேக்கறாங்க, எடுக்கலாமா?

வேணாம். இதுக்கு மட்டும் நான் சுத்தி வளைச்சு பேச மாட்டேன்.

அவங்க பேசறது கேக்க அறிவியல் மாதிரியே இருக்கும். பத்து விரலையும் ஸ்கேன் பண்ணி, இந்த விரல் மூளையோட இந்தப் பாகம், இந்தச் சுழி இருந்தா இசை, அந்த வளைவு இருந்தா கணக்கு, உங்க பொண்ணு டாக்டருக்கு 78 சதவீதம் இன்ஜினியருக்கு 61 சதவீதம்னு கலர் கலரா முப்பது நாப்பது பக்கம் பிரிண்ட் போட்டுக் கொடுப்பாங்க. அதுல நிஜம் எவ்ளோன்னா, விரல் ரேகை கர்ப்பத்தோட மூணாவது நாலாவது மாசத்துல உருவாகுது, அப்பத்தான் மூளையும் வளந்துட்டு இருக்கு, அது சரி. சில பிறவிக் குறைபாடுங்கள்ல ரேகை வித்தியாசமா இருக்கும், டவுன் சிண்ட்ரோம்ல அப்படி பாக்கலாம், அதுவும் சரி. ஆனா அதே மாசத்துல கால் விரலும்தான் வளருது. ஒரே நேரத்துல வளருதுங்கறதுக்காக ஒண்ணைப் பாத்து இன்னொண்ணைச் சொல்லிட முடியாது, சாதாரணக் குழந்தையோட ரேகையைப் பாத்து எந்தத் திறமையையும் கணிக்க முடியும்னு எந்த ஆதாரமும் கிடையாது. இந்திய மனநல டாக்டர்கள் சங்கமே இதுக்கு அறிவியல் அடிப்படை இல்லன்னு சொல்லியிருக்கு.

அப்ப எப்படி மேடம் என் பொண்ணைப் பத்தி அவ்ளோ கரெக்டா சொல்லியிருக்காங்கன்னு கேப்பீங்க. 1948ல ஃபோரர்னு ஒரு வாத்தியார் காலேஜ் பசங்களுக்கு ஒரு டெஸ்ட் வெச்சு, தனித்தனியா ரிசல்ட் தர்றேன்னு சொல்லி, எல்லாருக்கும் ஒரே பேப்பரைக் கொடுத்தாரு, ஜோசியப் புக்குல இருந்து எடுத்த வரிங்க. உங்களுக்கு மத்தவங்க பாராட்டணும்னு ஆசை இருக்கு, சில சமயம் நல்லாப் பழகுவீங்க சில சமயம் ஒதுங்கி இருப்பீங்க, அந்த மாதிரி. எவ்ளோ பொருந்துதுன்னு 5க்கு மார்க் போடச் சொன்னா சராசரி 4.26 வந்துச்சு. உங்க கைல இருக்கற ரிப்போர்ட்டும் அந்தப் பேப்பரோட பேரன்தான். செலவான காசு கூடப் பரவால்ல, கணக்கு உனக்கு வராதுன்னு மெஷினே சொல்லிடுச்சுன்னு ஒரு குழந்தை நம்பிடுதே, அதுதான் எனக்கு வயிறு எரியுது.

மிட்பிரெயின் ஆக்டிவேஷன்னு நடுமூளையைத் தூண்டி விடற கிளாஸ்? கண்ணைக் கட்டிட்டுப் படிக்குதே குழந்தை?

மூக்குக்கிட்ட இருக்கற சந்து வழியா பாத்துப் படிக்குது. அந்த சந்தையும் நல்லா அடைச்சுட்டுப் படிக்கச் சொல்லிப் பாருங்க. நடுமூளைங்கறது எல்லாருக்கும் பிறந்ததுலேர்ந்து ஆன்லதான் இருக்கு, ஆஃப் ஆனா ஐசியூலதான் இருக்கணும்.

இதே லிஸ்ட்ல இன்னும் ரெண்டு. மூளைல 10 சதவீதம்தான் யூஸ் பண்றோம்னு சொல்றது பொய், தூங்கறப்போ கூட முழு மூளையும் வேலை செய்யுது. மொசார்ட் கேட்டா குழந்தைக்கு புத்தி வளரும்னு சொல்றது 1993ல வந்த ஒரு சின்ன ஆராய்ச்சியோட கை கால் வெட்டின கதை, அதுல குழந்தையே இல்ல, காலேஜ் பசங்கதான், அவங்களுக்கும் ஒரே ஒரு வகைப் புதிர்ல பத்து பதினஞ்சு நிமிஷத்துக்குத்தான் கொஞ்சம் கூட வந்துச்சு.

புத்தி ஒண்ணா, எட்டா? எங்க புக்குல ஒவ்வொருத்தர் ஒவ்வொண்ணு சொல்றாங்க.

எக்ஸாமுக்கு எல்லாரையும் படிச்சுத்தான் ஆகணும், ஆனா சண்டை என்னன்னு புரிஞ்சா மனசுல நிக்கும்.

1904ல ஸ்பியர்மன் பாத்தது என்னன்னா, ஒரு சப்ஜெக்ட்ல நல்லா பண்ற பசங்க பொதுவா மத்ததுலயும் ஓரளவு நல்லா பண்றாங்க, அப்ப எல்லாத்துக்கும் அடில பொதுவா ஏதோ ஒண்ணு இருக்கு, அதுக்கு 'ஜி' (g)ன்னு பேர் வெச்சாரு. தர்ஸ்டன் 1938ல இல்லப்பா, தனித்தனியா ஏழு திறமை இருக்குன்னாரு, சொல்வளம், கணக்கு, ஞாபகம், இடத்தைக் கற்பனை பண்றது, அப்படி. ஆனா அந்த ஏழும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுத்தான் இருக்குன்னு அப்புறம் பாத்தாங்க, அதனால ஜி திரும்ப எட்டிப் பாத்துடுச்சு. 1983ல கார்ட்னர் வந்து இசை, உடம்பு, அடுத்தவங்களைப் புரிஞ்சுக்கறது, தன்னைப் புரிஞ்சுக்கறதுன்னு ஏழு தனித்தனி புத்தின்னாரு, பின்னாடி இயற்கையைச் சேத்து எட்டு. வாத்தியாருங்களுக்கு இவரை ரொம்பப் பிடிக்கும், ஏன்னா எந்தக் குழந்தையையும் மக்குன்னு சொல்லத் தேவையில்ல. ஆராய்ச்சி பண்றவங்களுக்கு அவ்ளோ பிடிக்காது, தனித்தனியா இருக்குன்னு டெஸ்ட் வெச்சு நிரூபிக்க முடியல, டான்ஸ் திறமைய திறமைன்னே சொல்லிட்டுப் போயேன் ஏன் புத்திங்கறன்னு கேக்கறாங்க. எனக்கும் அந்தப் பக்கம்தான் சாய்மானம், ஆனா கிளாஸ்ல ஒரு பையனைத் திட்றதுக்கு முன்னாடி வாத்தியார் ஒரு நிமிஷம் நின்னு யோசிக்க கார்ட்னர் உதவினா நான் ஏன் தடுக்கணும்.

ஒடிசாலேர்ந்து கனடா போன ஜே.பி. தாஸையும் விட்டுடாதீங்க. எவ்ளோ புத்திங்கற கேள்விய விட்டுட்டு எப்படி யோசிக்குதுன்னு பாத்தவரு. திட்டம் போடறது, கவனம், எல்லாத்தையும் ஒரே நேரத்துல சேத்துப் பாக்கறது, ஒண்ணு பின்னாடி ஒண்ணா வரிசையாப் பாக்கறது, இந்த நாலு. வாசிக்கத் திணர்ற குழந்தைங்களைப் புரிஞ்சுக்க இது ரொம்ப உதவும்.

எனக்குப் பர்சனலா அதிகம் யூஸ் ஆகறது கேட்டல் சொன்ன ரெண்டு வகை. புதுசா ஒண்ணைப் பாத்ததும் அங்கயே யோசிச்சு பிடிக்கறது ஒண்ணு, இத்தனை வருஷம் சேத்து வெச்ச அறிவு இன்னொண்ணு. முதலாவது இருபதுகள்ல உச்சத்துக்கு வந்து மெதுவா இறங்கும், ரெண்டாவது அறுபதுக்கு மேலயும் நிக்கும். புது போன்ல ஆப் எங்க இருக்குன்னு பேத்தி ரெண்டு செகண்ட்ல கண்டுபிடிப்பா, அந்த ஆப்ல வந்த கல்யாண ஜாதகத்துக்குப் பின்னாடி என்ன மறைக்கறாங்கன்னு பாட்டி ரெண்டு செகண்ட்ல கண்டுபிடிப்பாங்க.

கணித மேதை ராமானுஜன் எஃப்.ஏ. (அந்தக் காலத்து காலேஜ் பரீட்சை) ஃபெயில்தானே? அப்ப மார்க்குக்கும் புத்திக்கும் சம்பந்தமே இல்லைல?

இதை மார்க் கம்மியா வாங்கின பசங்கதான் கேப்பாங்க, ரொம்பப் பிடிச்ச கேள்வி. ஃபெயில் ஆனது உண்மை. கும்பகோணத்துல கணக்கைத் தவிர எதையும் தொடாம ஸ்காலர்ஷிப் போச்சு, 1906ல இங்க பச்சையப்பாஸ்ல சேந்து அங்கயும் தேறல, 1912ல போர்ட் டிரஸ்ட்ல கிளார்க், 1914ல கேம்பிரிட்ஜ், 1918ல ராயல் சொசைட்டி. ஆனா இதுலேர்ந்து மார்க் வேஸ்ட்டுன்னு முடிவு கட்டினா அதுவே தப்பு யோசனை. ஒரு ராமானுஜனை வெச்சு கணக்கு போடக் கூடாது, ஐக்யூவும் ஸ்கூல் மார்க்கும் ஓரளவு நல்லாவே ஒத்துப் போகுதுன்னுதான் நூறு வருஷ ஆராய்ச்சி சொல்லுது. ஓரளவுதான், மிச்சத்துல ஆர்வம், உழைப்பு, வீட்டு நிலைமை, வாத்தியார் எல்லாம் இருக்கு. ராமானுஜன் கதைல எனக்குப் படறது வேற, எல்லா சப்ஜெக்ட்லயும் பாஸ் ஆனாத்தான் உள்ள விடுவேன்னு கதவு வெச்சா எவ்ளோ பேர் வெளிலயே நின்னுடுவாங்கங்கறது.

செஸ் கிளாஸ்ல சேத்தா புத்தி வளருமா? குகேஷ், பிரக்ஞானந்தா எல்லாம் சென்னைதானே?

சேத்து விடுங்க, நல்ல விளையாட்டு, தோத்துட்டு கை குலுக்கக் கத்துக்கும் குழந்தை. புத்தி வளருமான்னா, செஸ் வளரும். 1973ல சேஸும் சைமனும் (பினே கூட இருந்தவர் இல்ல, இவர் வேற சைமன்) பண்ண ஒரு ஆராய்ச்சி இருக்கு. நிஜ கேம்லேர்ந்து ஒரு போர்டை அஞ்சு செகண்ட் காட்டி மூடிட்டு அடுக்கச் சொன்னா மாஸ்டர் பெரும்பாலான காய்ங்களைச் சரியா அடுக்கிடுவாரு, புதுசா ஆடறவங்களுக்கு நாலஞ்சு காய்தான் ஞாபகம் இருக்கும். அதே காய்ங்களைக் கன்னாபின்னான்னு போட்டுக் காட்டினா மாஸ்டரும் தடுமாறி கிட்டத்தட்ட அவங்க லெவலுக்கே வந்துடுவாரு. அதாவது அவருக்கு ஸ்பெஷல் மெமரி எதுவும் இல்ல, ஆயிரக்கணக்கான அமைப்புங்களை வருஷக்கணக்கா பாத்துப் பாத்து கொத்துக் கொத்தா மண்டைல வெச்சிருக்காரு. அந்தக் கொத்து எல்லாம் செஸ்ஸுக்குத்தான், கெமிஸ்ட்ரி எக்ஸாம்ல அது வந்து நிக்காது. ஆனந்தோட ஊருங்கறதால இங்க தெருவுக்குத் தெரு கோச்சிங் இருக்கு, 18 வயசுல 2024ல குகேஷ் உலக சாம்பியன் ஆனது அந்தச் சூழல்லதான், அதுல டவுட் இல்ல. ஆனா அது செஸ் சூழல், ஐக்யூ தொழிற்சாலை இல்ல.

நல்லாப் படிச்சவங்களே ஏன் மேடம் இப்படி ஏமாறாங்க? எங்க சித்தப்பா பேங்க்ல இருந்து ரிட்டயர் ஆனவரு, மாசம் 10 சதவீதம் வட்டின்னு சொன்னவங்ககிட்ட பணத்தைப் போட்டுட்டாரு.

முதல்ல இதுக்கு பதில் சொல்லுங்க. கிரிக்கெட் பேட்டும் பந்தும் சேத்து 1,100 ரூபாய், பந்தை விட பேட் 1,000 ரூபாய் அதிகம், பந்து எவ்ளோ? 100ன்னு உள்ளேர்ந்து ஒரு குரல் வந்துச்சா? 50தான் சரி. பந்து 100ன்னா பேட் 1,100, மொத்தம் 1,200 ஆயிடும். ஷேன் ஃபிரெடரிக் 2005ல இந்த மாதிரி மூணு கேள்வி வெச்சு அமெரிக்காவோட பெரிய பெரிய யுனிவர்சிட்டிலயே எவ்ளோ பேர் சறுக்கறாங்கன்னு காட்டினாரு. கணக்கு தெரியாம இல்ல, முதல்ல வந்த பதிலைச் சரி பாக்கத் தோணல.

2002ல எகனாமிக்ஸ் நோபல் வாங்கின கானமன் ஒரு சைக்காலஜிஸ்ட், அவர் யோசனையை ரெண்டா பிரிச்சுப் பேசுவாரு, ஒண்ணு தன்னால ஓடறது, வேகம், உழைப்பு வேணாம், இன்னொண்ணு நிதானமா உக்காந்து பண்றது, அது சோம்பேறி, கூப்பிட்டாத்தான் வரும். புத்திசாலிகிட்ட அந்த ரெண்டாவது இன்ஜின் பெருசு, ஆனா ஸ்டார்ட் பண்ணணுமே. ஸ்டானோவிச்னு ஒருத்தர் இதைத்தான் சொல்றாரு, ஐக்யூ அளக்கறது இன்ஜினோட சைஸ், அதை எப்ப போடணும்ங்கற பழக்கம் தனி, ரெண்டும் ஒண்ணாவே வரணும்னு இல்ல. அதுலயும் என் பக்கம்தான் சரின்னு ஆதாரம் தேடற பழக்கத்துக்கும் ஐக்யூவுக்கும் சம்பந்தம் ரொம்பக் கம்மி. இன்னும் சொல்லப் போனா புத்திசாலிக்கு தன் முடிவுக்கு வக்காலத்து வாங்க காரணம் சீக்கிரம் கிடைச்சிடும். உங்க சித்தப்பா பேங்க்ல இருந்தவருங்கறதே அவருக்கு தைரியம் கொடுத்திருக்கும், எனக்குத் தெரியாததான்னு.

1960ல வேசன் பண்ண ஒரு விளையாட்டை கிளாஸ்ல அடிக்கடி ஆடுவேன். 2, 4, 6 ஒரு விதிப்படி இருக்கு, விதி என்னன்னு கண்டுபிடிங்க, நீங்க வேற மூணு நம்பர் சொல்லலாம், பொருந்துமா பொருந்தாதான்னு சொல்வேன். பசங்க 8, 10, 12ன்னு சொல்வாங்க, பொருந்தும். 20, 22, 24, பொருந்தும். ரெண்டு ரெண்டா ஏறுது மேடம்னு குதிப்பாங்க. இல்ல. விதி வெறும் ஏறு வரிசை, அவ்ளோதான், 1, 7, 500 கூட பொருந்தும். தப்பா இருக்குமோன்னு ஒரே ஒரு தடவை 1, 2, 7 சொல்லிப் பாக்கறது எவ்ளோ ஈசி, ஆனா யாருக்கும் தோணாது, ஏன்னா ஆமாங்கற பதில்தான் நமக்கு வேணும். சித்தப்பாவும் முதல் மூணு மாசம் வட்டி ஒழுங்கா வந்துச்சுன்னு சொல்லியிருப்பாரே? அதுதான் 8, 10, 12.

இன்னும் ரெண்டு வியாதி. 1974ல கானமனும் ட்வெர்ஸ்கியும் எழுதினதுல ஒண்ணு, ஒரு சக்கரத்தைச் சுத்தி விடறாங்க, அது 10லயோ 65லயோ நிக்கும், அப்புறம் ஐ.நா.வுல ஆப்பிரிக்க நாடு எத்தனை சதவீதம்னு கேக்கறாங்க. 10 பாத்தவங்க 25ன்னாங்க, 65 பாத்தவங்க 45ன்னாங்க. சம்பந்தமே இல்லாத நம்பர், ஆனாலும் அதுல மனசு கட்டிப் போட்ட மாதிரி நிக்குது. சென்ட்ரல் வாசல்ல ஆட்டோக்காரர் 500ன்னு ஆரம்பிச்சா நீங்க 350க்கு பேசி முடிச்சு ஜெயிச்ச மாதிரி ஏறி உக்கார்றீங்களே, அதேதான். ரெண்டாவது, சட்டுனு ஞாபகம் வர்றதை அடிக்கடி நடக்கறதுன்னு நினைக்கறது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் வேளச்சேரி, முடிச்சூர்னு சொன்னாலே வாடகைக்கு வர்றவங்க ஓடினாங்க, நாலஞ்சு வருஷம் போனதும் தண்ணி வருமான்னு கேக்கறதே நின்னு போச்சு, 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வந்ததும் திரும்ப ஓட்டம். நடுவுல தரையோட உயரமும் மாறல, பள்ளிக்கரணை சதுப்பு நிலமும் பெருசாகல. மாறினது ஞாபகம் மட்டும்.

தமிழ்ல யோசிக்கறதா இங்கிலீஷ்ல யோசிக்கறதா, எது பெட்டர்?

நான் தாய்மொழிலதான் யோசனை ஆழமா போகும்னு சொல்லப் போறேன்னு எதிர்பாப்பீங்க, ஆனா இதுல ஒரு வேடிக்கை இருக்கு. 600 பேருக்கு நோய், இன்னொரு வழி ரிஸ்க், எல்லாரும் பிழைக்கலாம், ஒருத்தரும் பிழைக்காமலும் போகலாம், ஆனா இந்த வழில போனா 200 பேர் பிழைப்பாங்க நிச்சயம்னு சொன்னா 72 சதவீதம் பேர் அதையே எடுத்தாங்க. அதே விஷயத்தை 400 பேர் சாவாங்கன்னு சொன்னா 22 சதவீதம்தான் எடுத்தாங்க, மிச்சவங்க ரிஸ்க்குக்குப் போயிட்டாங்க. 1981ல வந்த ஆராய்ச்சி, கணக்கு ஒண்ணுதான், சொன்ன விதம் வேற. 2012ல போவாஸ் கைசாரும் கூட இருந்தவங்களும் இதே மாதிரிக் கேள்விய ரெண்டாவது மொழில கேட்டுப் பாத்தாங்க, இந்த வித்தியாசம் கிட்டத்தட்ட காணாமப் போச்சு. வேற மொழில வார்த்தை நெஞ்சுல குத்தறது கம்மி, அதனால கொஞ்சம் தள்ளி நின்னு பாக்கறோம்னு விளக்கறாங்க. அதனால லோன் பேப்பரை இங்கிலீஷ்ல படிங்க, மக கல்யாணத்தைத் தமிழ்ல பேசுங்கன்னு சொல்லலாமா? அவ்ளோ தூரம் ஆராய்ச்சி போகல, நான்தான் போறேன்.

ஒரே கணக்குல மணிக்கணக்கா மாட்டிக்கறேன், அப்புறம் குளிக்கும்போது பதில் வருது. ஏன்?

ஏன்னா தெரிஞ்ச வழியே கண்ணை மறைக்கும். 1942ல லூச்சின்ஸ் மூணு குடம் கொடுத்து தண்ணி அளக்கச் சொன்னாரு. 21, 127, 3 அளவு குடம், 100 வேணும். பெருசை ரொப்பி, 21ஐ ஒரு தடவை, 3ஐ ரெண்டு தடவை எடுத்துடணும். இதே வழில அஞ்சாறு கணக்கு போட வெச்சுட்டு, அடுத்தது 23, 49, 3, வேணுங்கறது 20. பெரும்பாலானவங்க அதே நீட்டு வழில போனாங்க, 23லேர்ந்து 3ஐ எடுத்தாப் போதும்னு தோணல. முன்னாடி பயிற்சி இல்லாதவங்களுக்கு உடனே தோணுச்சு. கோச்சிங் சென்டர்ல ஒரே டைப்புல 200 கணக்கு போடற பசங்களுக்கு இதைத்தான் சொல்வேன், கலந்து போடுங்க. எழுந்து போய்க் குளிக்கறப்ப அந்தப் பழைய வழியோட பிடி தளருது, அதான் வேற வழி கண்ல படுது.

புத்தி பரம்பரையா? பாதி ஜீன்னு படிச்சேன்.

சுமார் பாதிங்கறது சரிதான், ஆனா அதோட அர்த்தம் உங்க புத்தில பாதி அப்பா கொடுத்ததுன்னு இல்ல. ஒரு கூட்டத்துல ஆளுக்கு ஆள் இருக்கற வித்தியாசத்துல எவ்ளோ பங்கு ஜீன் வித்தியாசத்தால வருதுங்கறதுதான் அது. எல்லாருக்கும் ஒரே மாதிரி சாப்பாடு, ஒரே மாதிரி ஸ்கூல் கிடைச்சா ஜீன் பங்கு கூடித் தெரியும், பாதிப் பேர் பட்டினி கிடந்தா அந்தப் பங்கே குறையும். ஒரே ஆளை எடுத்து இவ்ளோ ஜீன் இவ்ளோ வளர்ப்புன்னு பிரிக்கவே முடியாது.

ஜீன் ஒண்ணும் நூறு வருஷத்துல மாறிடாது, ஆனா 20ஆம் நூற்றாண்டுல பல நாடுகள்ல சராசரி ஸ்கோர் பத்து வருஷத்துக்கு 3 பாயின்ட் கணக்குல ஏறிக்கிட்டே போச்சு, நியூசிலாந்துல இருந்த ஃப்ளின் 1980கள்ல இதை ஊருக்கே காட்டினாரு. காரணம் படிப்பு, ஊட்டச்சத்து, சின்னக் குடும்பம், தலைல கணக்கு போட வேண்டிய வேலைங்க, இப்படி பல சேந்து. சாப்பாட்டைச் சாதாரணமா நினைக்காதீங்க, கர்ப்பத்துல அயோடின் ரொம்பக் குறைஞ்சாலே குழந்தையோட புத்தி அடிபடும், உப்புல அயோடின் போடறது அதுக்குத்தான். 1920ல ஆயிரம் விளக்கு கார்ப்பரேஷன் ஸ்கூல்ல மதியச் சோறு போட்ட ஊரு இது, 1956ல காமராஜர், 1982ல எம்ஜிஆர், 2022ல காலைச் சாப்பாடுன்னு தொடர்ந்து வந்திருக்கு. பசிச்ச குழந்தைகிட்ட ஐக்யூ டெஸ்ட் எடுத்தா பசியைத்தான் அளப்பீங்க.

ஈக்யூ (உணர்ச்சியைக் கையாளற புத்தி) தான் ஐக்யூவ விட முக்கியமாமே?

ஹெச்.ஆர். மீட்டிங்ல சொல்ற வசனம். 1990ல சாலோவேயும் மேயரும் கொண்டு வந்தது ஒரு திறமை, முகத்தைப் பாத்து உணர்ச்சியப் புரிஞ்சுக்கறது, தன் கோவத்தைக் கையாளறது. அது உண்மையாவே இருக்கு, யூஸ்ஃபுல். வாழ்க்கை வெற்றில 80 சதவீதம் அதுதான்னு ஓடற கணக்குக்கு மட்டும் ஆதாரம் கிடையாது.

வயசானா விவேகம் தானா வந்துடும்ல?

பெரியவங்க படிச்சா கோவப்படுவாங்க, ஆனாலும் சொல்றேன். பெர்லின்ல மேக்ஸ் பிளாங்க் இன்ஸ்டிட்யூட்ல பால் பால்டஸும் அவர் கூட இருந்தவங்களும் விவேகத்தை அளக்க முடியுமான்னு வருஷக்கணக்கா முயற்சி பண்ணாங்க. கேள்வி இந்த மாதிரி இருக்கும்: 15 வயசுப் பொண்ணு உடனே கல்யாணம் பண்ணிக்கணும்னு சொல்றா, என்ன யோசிக்கணும்? சட்டுனு கூடவே கூடாது, முடிஞ்சதுன்னு சொன்னா மார்க் கம்மி. பொதுவா தப்புதான், ஆனா அந்தப் பொண்ணுக்கு யாரும் இல்லையா, தீராத நோயா, எந்த ஊர், எந்தக் காலம், அவகிட்ட முதல்ல எப்படிப் பேசணும்னு யோசிச்சா மார்க் கூட. (நம்ம ஊர்ல 18க்குக் கீழ சட்டப்படியே கூடாது, அதையும் தெரிஞ்சு வெச்சிருக்கணும், அதுவும் மார்க்தான்.) அவங்க பாத்தது அஞ்சு விஷயம், வாழ்க்கையப் பத்தின விவரம் தெரியுமா, எப்படிக் கையாளணும்னு தெரியுமா, ஆளோட சூழ்நிலையையும் வயசையும் பாக்கறாங்களா, அடுத்தவங்களுக்கு முக்கியமானது வேறன்னு ஒத்துக்கறாங்களா, நாளைக்கு என்ன ஆகும்னு யாருக்கும் முழுசா தெரியாதுங்கறதை மனசுல வெச்சிருக்காங்களா.

ரிசல்ட் பாத்தா, இருபது வயசுலேர்ந்து எழுபத்தஞ்சு வரைக்கும் வயசுக்கும் ஸ்கோருக்கும் பெருசா சம்பந்தம் இல்ல. டீனேஜ்லேர்ந்து இருபதுகள் வரைக்கும் ஏறுது, அப்புறம் வயசு மட்டும் எதையும் பண்றதில்ல. ஐக்யூவோட சம்பந்தமும் கொஞ்சம்தான். மனுஷங்க சிக்கலை உக்காந்து கேக்கற வேலைல இருந்தவங்க, புதுசா எதையும் ஏத்துக்கற மனசு இருந்தவங்க, அவங்கதான் மேல வந்தாங்க. முப்பது வருஷ அனுபவம்னு சொல்றவங்க சிலர் ஒரே வருஷத்தை முப்பது தடவை ஓட்டியிருப்பாங்க.

அப்ப ஊருக்கே நியாயம் சொல்ற மாமா வீட்ல ஏன் அப்படி இருக்காரு?

ஹாஹா, எல்லா வீட்லயும் ஒரு மாமா. இதுக்கு சாலமன் ராஜா பேரே வெச்சிருக்காங்க, ஊருக்கெல்லாம் தீர்ப்பு சொன்னவர் தன் வீட்டைக் கோட்டை விட்டவர்னு. 2014ல கிராஸ்மனும் கிராஸும் ரிலேஷன்ஷிப்ல இருக்கறவங்களைக் கூப்பிட்டு, பாதிப் பேருக்கு உங்க துணை ஏமாத்திட்டாங்கன்னு நினைச்சுக்கோங்கன்னாங்க, மீதிப் பேருக்கு உங்க ஃப்ரெண்டுக்கு அப்படி ஆச்சுன்னு நினைச்சுக்கோங்கன்னாங்க. ஃப்ரெண்டுக்குன்னா எல்லாரும் நிதானமா, ரெண்டு பக்கமும் பாத்து, எனக்குத் தெரியாதது இருக்கலாம்னு பேசறாங்க. தனக்குன்னா அது எல்லாம் குறையுது. ஆனா தன் பிரச்சனையையே வெளியாள் மாதிரி தள்ளி நின்னு பாக்கச் சொன்னா அந்த வித்தியாசம் மறைஞ்சிடுது.

இதை வெச்சு கிராஸ்மன் குழு 2021ல ஒரு மாச டைரி ஆராய்ச்சி பண்ணாங்க, அன்னைக்கு நடந்த உரசலை நான் நான்னு எழுதாம, தன் பேரையே போட்டு அடுத்தவங்க கதை மாதிரி எழுதணும். அப்படி எழுதினவங்ககிட்ட யோசனைல முன்னேற்றம் தெரிஞ்சுது. கேக்க சின்னப்புள்ளத்தனமா இருக்கும். மாமியார்கிட்ட சண்டை போட்டுட்டு வர்றவங்களை இப்படி எழுதச் சொல்வேன், மூணாவது வரிலயே மாமியார் பக்கம் ஒரு வாக்கியம் வந்துடும், எழுதினவங்களே அதைப் பாத்து முறைப்பாங்க. எல்லாருக்கும் ஒர்க் அவுட் ஆகாது, அடி உதை நடக்கற வீட்டுக்கு இந்த டைரி இல்ல, அங்க முதல்ல பாதுகாப்பு.

சரி மேடம், நிஜமாவே டெஸ்ட் எடுக்கணும்னா எங்க போறது?

காரணம் இருந்தா மட்டும் போங்க. படிப்புல ரொம்பத் திணறுது, பேச்சு லேட், வாசிக்க எழுத மட்டும் வரல, சர்டிஃபிகேட் வேணும், இந்த மாதிரி. சும்மா தெரிஞ்சுக்கன்னா வேணாம், ஆன்லைன்ல பத்து கேள்வி கேட்டு 140 கொடுக்கறதெல்லாம் டெஸ்ட்டே இல்ல. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டா, ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) ரிஜிஸ்ட்ரேஷன் நம்பர் இருக்கான்னு தயங்காம கேளுங்க. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கு, ஈசிஆர்ல முட்டுக்காட்டுல மாற்றுத்திறனாளிகளுக்கான சென்ட்ரல் கவர்ன்மென்ட் இன்ஸ்டிட்யூட் இருக்கு. ஸ்கோர் 70க்குக் கீழ வந்தா மட்டும் அறிவுத்திறன் குறைபாடுன்னு எழுதிட மாட்டாங்க, தானா சாப்பிடறது, டிரெஸ் போடறது, கடைக்குப் போறதுன்னு தினசரி வேலையையும் பாத்துத்தான் சொல்லணும். ஐக்யூ நார்மலா இருந்து வாசிக்க மட்டும் வரலன்னா அது வேற, கற்றல் குறைபாடு, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல அதுவும் இருக்கு, போர்டு எக்ஸாம்ல கூடுதல் நேரம் வாங்கலாம்.

போற அன்னைக்கு குழந்தை நல்லாத் தூங்கி சாப்பிட்டிருக்கணும், கண்ணாடி போடற குழந்தைன்னா கண்ணாடிய மறக்காதீங்க, வீட்ல எந்த மொழி அதிகம் பேசறீங்கன்னு சொல்லுங்க. ஜுரம் இருந்தா தள்ளிப் போடுங்க. கேள்வி என்னன்னு யூடியூப்ல தேடி முன்னாடியே சொல்லிக் கொடுத்துக் கூட்டிட்டுப் போனா ஸ்கோர் ஏறும், உதவி கிடைக்காது. இதுக்கு முன்னாடி எப்பவாவது எடுத்திருந்தா அந்த ரிப்போர்ட்டைக் கைல கொண்டு போங்க, அதே டெஸ்ட்டைச் சீக்கிரமே திரும்ப வெச்சா பழக்கத்துலயே ஸ்கோர் கூட வரும், அதனால தேதியப் பாத்துட்டு எந்த டெஸ்ட் வெக்கணும்னு அவங்க முடிவு பண்ணிப்பாங்க.